ஷியர் தாங்காத திரவத்துக்கு எந்த வால்வு?

திரவத்தின் அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்து ஒன்றையொன்று இழுப்பதுதான் ஷியர். பாலிமர் கரைசல், லேடெக்ஸ் (ரப்பர் பால் போன்றது), படிகங்கள் மிதக்கும் குழம்பு போன்றவற்றைப் பெரும்பாலும் கெடுப்பது பைப்பு அல்ல, பாதி திறந்த வால்வு. 50 மி.மீ. பைப்பில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகும் திரவத்தின் சுவரோர ஷியர் வீதம் நொடிக்கு 160 (வேகத்தை 8ஆல் பெருக்கி விட்டத்தால் வகுக்க வேண்டும்). அதுவே வால்வின் 2 மி.மீ. இடுக்கில் 5 மீட்டர் வேகத்தில் நுழைந்தால் 15,000 (இடுக்குக்குப் பெருக்கும் எண் 6). சீரான ஓட்டத்துக்கான தோராயக் கணக்குதான், ஆனாலும் ஒப்பிடப் போதும். துளிகளை வேண்டுமென்றே உடைக்கும் ஹோமோஜினைசர் இயந்திரத்துக்குள் இருப்பதும் வேண்டுமென்றே இப்படிக் குறுக்கிய வால்வுதான்.

திரவம் எப்படிக் கெடுகிறது என்று முதலில் பாருங்கள். பெயின்ட் போல இளகி, நின்றதும் பழைய நிலைக்கு வருவதென்றால் இவ்வளவு கவலை வேண்டாம். ஃப்ளாக்குலன்ட் (நீரில் மிதக்கும் துகள்களைத் திரட்டும்) பாலிமரின் சங்கிலி அறுந்தால் மறுபடி சேராது; டோஸ்தான் ஏறும். லேடெக்ஸ் திரிந்து கட்டி தட்டும்.

அடுத்தது அழுத்த இழப்பு. வால்வில் 1 பார் இழந்தால், நீரளவு அடர்த்தியுள்ள திரவம் இடுக்கில் நொடிக்குச் சுமார் 14 மீட்டர் வேகத்தைத் தொடும், 0.05 பார் என்றால் 3 மீட்டரைச் சற்றுத் தாண்டும். மணிக்கு 10 கன மீட்டரை 0.05 பாருக்குள் அனுப்ப, கேவி எண் (1 பார் இழப்பில் மணிக்கு எத்தனை கன மீட்டர் நீர் வால்வில் போகும் என்ற அளவு) 45 வேண்டும். அது நீருக்கான எண்; கெட்டியான திரவத்துக்கு இன்னும் பெரிதாக எடுங்கள்.

திறப்பதும் மூடுவதும் மட்டுமே வேலை என்றால் ஃபுல் போர் (துளை பைப்பின் அளவே உள்ள) பால் வால்வு, அதாவது பந்து வால்வு, போதும். துளை குறுகிய ரெட்யூஸ்டு போர் வெளியிலிருந்து பார்க்க அதே மாதிரி இருக்கும், டேட்டா ஷீட்டில் துளை விட்டத்தைச் சரிபார்த்து வாங்குங்கள். லேடெக்ஸுக்கு மட்டும் இது சரிவராது: பந்தைச் சுற்றியுள்ள குழியில் தேங்கி உறையும். அங்கே நேர்வழி டயாஃப்ரம் வால்வோ (வளையும் சவ்வை அழுத்தி மூடுவது) பிஞ்ச் வால்வோ (ரப்பர் ஸ்லீவை நசுக்கி மூடுவது) போடுங்கள். பம்பின் உறிஞ்சு பக்கம் பிஞ்ச் வால்வு வேண்டாம். வெற்றிடத்தில் ரப்பர் ஸ்லீவ் உள்வாங்கிவிடும். திரவத்தைக் குறுகிய இடுக்கில் நுழைக்கும் குளோப், நீடில் வால்வுகள் இரண்டையும் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள்.

ஓட்டத்தைக் கூட்டிக் குறைப்பது வால்வின் வேலை அல்ல. ஸ்க்ரூ அல்லது லோப் பம்பின் வேகத்தை மாற்றுங்கள். அதற்காக டெலிவரி வால்வை மூடி, ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிகும்போது தானே திறப்பது) வழியே சுற்ற விடுவது மிக மோசம். ஒரே திரவம் திரும்பத் திரும்ப நசுங்கும். மூடும்போது பம்பை நிறுத்திவிட்டு மூடுங்கள். அழுத்தத்தைக் குறைத்தே ஆகவேண்டுமென்றால் ஒற்றை இடுக்கில் குறைக்காமல், நீண்ட சுருள் குழாயில் பரவலாகக் குறையுங்கள்.

சோதிக்க, வால்வுக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுத்து ஒரே வெப்பநிலையில் பாகுநிலையை அளங்கள். அழுத்தமுள்ள லைனில் மாதிரிக் குழாயைக் கொஞ்சமாகத் திறந்து பிடிக்கக் கூடாது. சிலிண்டரை இணைத்து நுழைவாயை முழுதாகத் திறந்து, வெளிவாயில் மட்டும் மெல்லக் கசிய விடுங்கள். நிறைந்ததும் இரண்டையும் மூடி, அழுத்தத்தை இறக்கிய பிறகு ஊற்றுங்கள். இல்லையென்றால் மாதிரிக் குழாயிலேயே பாலிமர் அறுந்து, பழி நல்ல வால்வின் மேல் விழும்.