ஏர் பிஸ்டலுக்கு எந்தப் பெல்லட்? சோதித்துப் பார்க்கும் முறை

10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த டின் வாங்கலாம்?" என்பதுதான். விலை கூடினால் குறி கூடும் என்று நானும் நம்பியிருந்தேன். ஒரு டின்னில் 500 பெல்லட், அதாவது சின்ன ஈயக் குண்டுகள், இருக்கும். தினம் 100 சுட்டால் ஐந்தே நாளில் காலி. அதனால் துப்பாக்கியிடமே கேட்டுவிடுவது நல்லது.

முதலில் கடையில் ஒரே வகையில் 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று தலை அளவு வேறுபடும் டின்களை ஒவ்வொன்று வாங்குங்கள். அளவு டின்னிலேயே ஒட்டியிருக்கும்.

அடுத்து, ஒரு வெள்ளைத் துணியில் கொஞ்சம் கொட்டிப் பாருங்கள். தலை தட்டை, இடுப்பு ஒடுக்கம், கீழே பாவாடை மாதிரி விரிவு. அந்தப் பாவாடை விளிம்பு நசுங்கியிருந்தால் குண்டு சீராகப் போகாது. கண்ணுக்குத் தெரியாவிட்டால் கண்ணாடி மேல் மெதுவாக உருட்டுங்கள். நல்லது அழகாக வட்டமடிக்கும், நசுங்கியது தத்தித் தத்தி ஓடும். அதை ஒதுக்கிவிடுங்கள்.

எடை போட வேண்டுமா? ஒரு பெல்லட் சுமார் அரை கிராம். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தராசும் இடுக்கியுமாக உட்கார்ந்து தரம் பிரித்தேன். 10 மீட்டரில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. முதுகுவலிதான் மிச்சம்.

இப்போது சோதனை. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, பிஸ்டலை மணல் மூட்டை மேல் அசையாமல் வைத்துக்கொள்ளுங்கள். டின் மாற்றும்போதெல்லாம் முதல் ஐந்தாறு குண்டுகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அப்புறம் தாளுக்கு ஐந்து வீதம், அளவுக்கு மூன்று தாள். தட்டைத் தலை தாளை வட்டமாக வெட்டியிருக்கும். அதிகம் விலகிய இரண்டு ஓட்டைகளின் வெளி விளிம்புக்கு விளிம்பு காலிப்பரால் அளந்து, ஒரு குண்டின் அகலமான 4.5 மில்லிமீட்டரைக் கழியுங்கள். அதுதான் உங்கள் குரூப், அதாவது குண்டுகள் சிதறிய அளவு; சின்னதாக இருந்தால் நல்லது. பத்துப் புள்ளி தரும் நடு வட்டத்தின் விட்டமே 11.5 மில்லிமீட்டர், கோட்டைத் தொட்டாலும் பத்து. ஆறேழு மில்லிமீட்டருக்குள் விழுந்தால் தாராளம்.

என் பிஸ்டலுக்கு விலை கூடிய டின் 9 மில்லிமீட்டர் குரூப் கொடுத்தது, பயிற்சிக்கான மலிவு டின்னில் 4.49 அளவு 6 மில்லிமீட்டர் கொடுத்தது. உங்களுடையது வேறு மாதிரி சொல்லலாம்.

பெல்லட் ஈயம். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வடையைத் தொடாதீர்கள்.

சரி, பிடித்தது கிடைத்துவிட்டதா? டின்னில் இருக்கும் லாட் எண்ணை (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று சொல்லும் எண்) குறித்துக்கொண்டு, அதே எண்ணில் நாலைந்து டின் சேர்த்து வாங்கிவிடுங்கள். லாட் மாறினால் மறுபடி மணல் மூட்டைதான்.