ஊர்ல போய் ரூட் கேனால் பண்ணிக்கலாம்னு இருக்கீங்களா? யார்ட்ட காட்டணுங்கறத இங்கயே முடிவு பண்ணுங்க

பல்லு செலவு இங்க கனடால கட்டுப்படியாகல, திருநெல்வேலி போறப்போ முடிச்சிட்டு வந்துரலாம்னு நினைக்கிறவங்களுக்காக இத எழுதுறேன். பெட்டில என்ன வைக்கணும்னு உங்களுக்கே தெரியும். எந்த டாக்டர்ங்கறத மட்டும் கிளம்புறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க, ஊர்ல இறங்கிட்டா அந்த முடிவு உங்க கையில இருக்காது.

ஐஸ் தண்ணி பட்டா சுளீர்னு வந்து உடனே போயிருச்சுன்னா பெரும்பாலும் சொத்தைய எடுத்து அடைச்சாலே போதும். தண்ணி முழுங்குன அப்புறமும் வலி நிக்குது, சூடா காப்பி குடிச்சா தெறிக்குது, ராத்திரி தூக்கத்துல எழுப்பி விடுது, இல்ல ஈறுல பரு மாதிரி வந்து சீழ் கசியுதுன்னா நரம்பு வரைக்கும் போயிருச்சுன்னு அர்த்தம். அப்பதான் ரூட் கேனால், அதாவது கெட்டுப்போன நரம்ப எடுத்துட்டு வேருக்குள்ள இருக்குற மெல்லிசான குழாய (அதத்தான் கேனால்ங்கறது) சுத்தம் பண்ணி அடைக்கிறது. முன்பல்லுன்னா பெரும்பாலும் ஒரே வேர்தான், பி.டி.எஸ் மட்டும் படிச்ச நல்ல பல் டாக்டரே அழகா முடிச்சிருவார். கடைவாய்ப் பல்லு அப்படி இல்ல. மேல் கடைவாய்ப் பல்லுல மூணு வேர் இருந்தாலும் நிறைய பேருக்கு நாலாவதா ஒரு கேனால் ஒளிஞ்சிருக்கும், மைக்ராஸ்கோப் இல்லாம அதக் கண்டுபிடிக்கிறது கஷ்டம். வேர் வளைஞ்சிருக்கு, கேனால் அடைபட்டிருக்குன்னு எக்ஸ்ரேல தெரிஞ்சாலும், ஏற்கனவே ரூட் கேனால் பண்ண பல்லு திரும்ப வலிச்சாலும், கேனால சுத்தம் பண்ற ஃபைல்ங்கற ஊசி உள்ள உடைஞ்சு மாட்டிக்கிட்டாலும், நேரா எம்.டி.எஸ் எண்டோடான்டிக்ஸ் படிச்சவங்ககிட்ட போயிருங்க. அஞ்சு வருஷ பி.டி.எஸ்ஸுக்கு மேல மூணு வருஷம் இதுக்காகவே படிச்சிருப்பாங்க.

எனக்கு மேல் கடைவாய்ப் பல்லு. பாளையங்கோட்டைல ஒரு ஸ்பெஷலிஸ்ட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டுத்தான் போனேன். அத்தைக்குத் தெரிஞ்சிருச்சு. "ஏட்டி, எங்க மாப்பிள்ள ஆஸ்பத்திரி வச்சிருக்கும்போது நீ அசலார்ட்ட போய் வாயத் தொறப்பியா, நாளைக்கு நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்லுவேன்"னு ஆரம்பிச்சாங்க. இந்த அத்தைதான் அம்மாவ கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க, மழை பெஞ்சா கரண்ட் இருக்கான்னு வந்து பாக்காங்க, நான் பண்ண வேண்டியத எல்லாம் அவங்கதான் பண்ணுதாங்க. அவங்கட்ட எப்படி முடியாதுங்கறது? போனேன். மருமகன் நல்ல மனுஷன், கையும் பொறுமையான கை, ஆனா மாமியார் வெளிய உக்காந்து வர்றவங்க கிட்டல்லாம் "கனடாலருந்து இதுக்குன்னே வந்திருக்கா"ன்னு சொல்லிட்டு இருக்கும்போது, இது என் கேஸ் இல்ல, வேற ஆள்ட்ட போங்கன்னு எந்த மாப்பிள்ளையால சொல்ல முடியும்? மூணு கேனால் சுத்தம் பண்ணி அடைச்சார். கடிச்சா வலி மட்டும் போகல, போயிரும் போயிரும்னாங்க, ஆன்டிபயாடிக் குடுத்தாங்க, அதப் போட்டா அமுங்குது விட்டா வருது, உள்ள இருக்குற சீழுக்கு வழி பண்ணாம மாத்திரை மட்டும் முழுங்கி என்ன ஆகும், வாகைக்குளத்துல, அதான் தூத்துக்குடி ஏர்போர்ட்ல, பிளைட் ஏறுறதுக்கு முந்தின ராத்திரி கன்னம் வீங்கிருச்சு. டிக்கெட்ட மாத்தி, கடைசில அதே பாளையங்கோட்டை ஸ்பெஷலிஸ்ட்டுதான் மைக்ராஸ்கோப்ல பாத்து அந்த நாலாவதக் கண்டுபிடிச்சாங்க.

வீக்கம் தாடைக்குக் கீழ இறங்குது, முழுங்க முடியல, வாய் தொறக்கல, காய்ச்சல் அடிக்குதுன்னா கிளினிக் தொறக்குற வரைக்கும் காத்திருக்காதீங்க, ராத்திரியானாலும் ஹைகிரவுண்ட்ல இருக்குற திருநெல்வேலி கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. அது மூச்சு அடைக்கிற அளவுக்குப் போகலாம்.

அப்புறம் நாள் கணக்கு. கல்யாணம் முடியட்டும், குற்றாலம் போயிட்டு வந்து பாத்துக்கலாம்னு தள்ளாதீங்க, இறங்குன முதல் வாரமே காட்டுங்க. உள்ள மருந்து வச்சு ஒரு வாரம் கழிச்சு வரச் சொல்லலாம், பல்லு மேல மாட்டுற கேப் லேப்ல இருந்து வர சில நாள் ஆகும். நம்ம பக்கம் நிறைய கிளினிக்ல ஸ்பெஷலிஸ்ட் குறிப்பிட்ட நாள்லதான் வருவாங்க, அது என்னைக்குன்னு போன்லயே கேட்டுக்கோங்க. வைத்தியத்துக்கு முன்னாடி ஒண்ணு, முடிஞ்ச பின்னாடி ஒண்ணுன்னு எடுத்த எக்ஸ்ரே ரெண்டையும் வாங்கி வச்சுக்கோங்க, இங்க வந்து வலிச்சா அதத்தான் முதல்ல கேப்பாங்க.

சொந்தத்துல டாக்டர் இருந்தா அவங்கள ஒதுக்க வேண்டாம். முதல்ல அவர்ட்டயே போய் எக்ஸ்ரே எடுத்துட்டு, வீட்டாளுங்க யாரும் பக்கத்துல இல்லாதப்ப, "இதுக்கு ஸ்பெஷலிஸ்ட் வேணும்னா நீங்களே சொல்லுங்க"ன்னு கேளுங்க. அவர் லெட்டர் எழுதிக் குடுத்தா யாரு மரியாதையும் போகாது.

அம்மா ரொம்ப நாளா ஒரு பக்கமாத்தான் மெல்லுதாங்கன்னு இந்தத் தடவ பக்கத்துல உக்காந்து சாப்பிட்டப்போதான் பாத்தேன், போன்ல ஒரு நாளும் சொல்லல. அவங்களுக்கு இப்படித்தான் ஏற்பாடு பண்ணிட்டு வந்திருக்கேன், மருமகன் எக்ஸ்ரே எடுத்து லெட்டரும் குடுத்துட்டார், அடுத்த வாரம் ஸ்பெஷலிஸ்ட். கூட்டிட்டுப் போகப் போறது அத்தைதான்.