பூக்கும் போன்சாய்க்கு வண்ணத் தொட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைன், ஜூனிபர் போன்ற ஊசியிலை மரங்களுக்கு கிளேஸ் (கண்ணாடி போன்ற பளபளப்புப் பூச்சு) பூசாத பழுப்புத் தொட்டி, பூக்கும், காய்க்கும் மரங்களுக்கு கிளேஸ் தொட்டி. துளையில்லாத தொட்டியில் மரம் நடக்கூடாது. இதெல்லாம் போன்சாய், அதாவது தொட்டியில் மரத்தைக் குறுக்கி வளர்க்கும் கலையின் பக்கம் வந்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும், அதனால் விட்டுவிடுகிறேன். நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்த சில தவறுகளைப் புதியவர்கள் இன்றும் அப்படியே செய்கிறார்கள். அவற்றில் ஒன்று எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுகிறது.

பூவின் நிறத்திலேயே தொட்டி

மரம் பூத்துக் குலுங்கும் வாரத்தில்தான் ஆசை வருகிறது. ஒரு பூவைக் கிள்ளி எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், அதே நிறத்தில் தொட்டி தேடுகிறார்கள். தெரிந்த பையன் ஒருவன் கருஞ்சிவப்புக் காகிதப்பூ மரத்துக்கு அதே கருஞ்சிவப்பில், முகம் தெரியும் அளவு பளபளக்கும் தொட்டி வாங்கி வந்தான். நான்கடி தள்ளி நின்று பார்த்தால் கீழ்க்கிளையில் தொங்கிய பூக்கள் தொட்டிச் சுவரில் கரைந்துபோயிருந்தன. பூக்கள் சிறு சிறு புள்ளிகள், தொட்டியோ ஒரே பரப்பு. இரண்டும் ஒரே நிறமானால் கண் பெரிய பரப்புக்குத்தான் போகும்.

நிறங்கள் எதிரெதிராக நின்றால்தான் பூ முன்னால் வரும். மாதுளையின் ஆரஞ்சு கலந்த சிவப்புக்கு ஆழ்ந்த நீலம். இளஞ்சிவப்பு அசேலியாவுக்கு செலடன் எனப்படும் வெளிர் பச்சை, அல்லது பாலேட்டு நிறம். மஞ்சள் பூவுக்கு நீலம், வெள்ளைப் பூவுக்கு அடர் நீலமோ அடர் பச்சையோ. நிறம் அழுத்தமாக இருந்தால் பளபளப்பு குறைந்த தொட்டியை எடுங்கள். சந்தேகமாக இருந்தால், தொட்டியை மரத்தின் முன்னால் வைத்துப் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பூவும் தொட்டியும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்தத் தொட்டி வேண்டாம்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அசேலியா பூத்து நிற்பது சில வாரங்கள்தான். மீதிக் காலமெல்லாம் நாம் பார்க்கப்போவது பச்சை இலை, பட்டை, மண்ணைப் பிடித்திருக்கும் வேர். பூ விருந்தாளி, இலையும் அடிமரமும்தான் வீட்டுக்காரர்கள். தொட்டியைப் பூ இல்லாத நாளில் போய்த் தேர்ந்தெடுங்கள். மாதுளையின் செம்பு நிறத் துளிரோடும் பழுப்புப் பட்டையோடும் ஒத்துப்போகும் நீலம், பூவோடும் ஒத்துப்போகும்.

சரி, நிறம் தவறினால் தொட்டியை மாற்றிக்கொள்ளலாம். மாற்றவே முடியாதது அதற்கடுத்து நடப்பது. வாங்கி வந்த அன்றே, மரம் பூத்து நிற்கும்போதே, பிடுங்கிப் புதுத் தொட்டியில் வைக்கிறார்கள். அந்தப் பையனும் அதைத்தான் செய்தான். காகிதப்பூவின் வேர் மெலிசு, தொட்டால் ஒடியும். மண் உதிர்ந்தால் நுண்வேர்களும் அதோடு போய்விடும். மேலே மரம் முழுக்கத் தண்ணீர் கேட்கிற நேரத்தில் கீழே உறிஞ்ச வேர் இல்லை. சில நாளில் பூ முழுக்கக் கொட்டியது, அப்புறம் இலை. கடைசியில் இடப்பக்கத்துத் தடித்த கிளை காய்ந்தது. அந்தக் கிளைக்குத் தண்ணீர் தந்த வேர் அறுந்திருக்க வேண்டும். பல வருடம் கம்பி கட்டி வளைத்து உருவாக்கிய கிளை அது.

தொட்டி கையில் வந்துவிட்டாலும் பொறுங்கள். அசேலியாவுக்குப் பூ முடிந்தவுடன் வாடியதைக் கிள்ளிவிட்டு மாற்றலாம். மாதுளைக்குத் துளிர் விரிவதற்குச் சற்று முன். காகிதப்பூவுக்கு ஒரு சுற்றுப் பூ கொட்டி முடிந்து, வெயில் காலத்தில் வளர்ச்சி வேகமாக இருக்கும்போது. அப்போதும் வேர்ப்பந்து உடையாமல் தூக்கி வையுங்கள்.

உள்பக்கமும் கிளேஸ்

தொட்டிக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். வழவழவென்றிருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

நிறம் பிடித்தது, அளவு பரவாயில்லை

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. தொட்டியின் நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஆழம் அடிமரத்தின் தடிமன் அளவு என்பது பொதுவான கணக்கு. பூக்கும் மரம் பூவும் பிஞ்சுமாக இருக்கும்போது நிறையத் தண்ணீர் குடிக்கும், அதனால் இந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் ஆழம் கூட இருக்கலாம். அதற்காக அண்டா மாதிரி வாங்கிவிட வேண்டாம். காகிதப்பூவுக்கு வேர் நெருக்கமாக இருந்தால்தான் பூ. இடம் தாராளமாகக் கிடைத்தால் இலையாகவும் நீண்ட கொப்பாகவும் போய்க்கொண்டே இருக்கும்.

ஓவியம் தீட்டிய தொட்டி

உள்ளங்கையில் அடங்கும் மாமே மரங்களுக்கு அழகு. பெரிய மரத்துக்கு வேண்டாம்.

உப்புக் கறையைச் சுரண்டுவது

கடினமான தண்ணீர் ஊற்றினால் தொட்டி விளிம்பில் வெள்ளைப் பட்டை படியும். அடர் நீலத்தில் அது பளிச்சென்று தெரியும். கம்பி நாரால் தேய்த்தால் கிளேஸில் கீறல் விழும், அந்தக் கீறலில் அழுக்கு நிரந்தரமாகத் தங்கிவிடும். தண்ணீர் கலந்த வினிகரில் துணியை நனைத்து, விளிம்பில் கொஞ்ச நேரம் ஒட்டி வைத்துத் துடையுங்கள். மண்ணில் ஒழுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்த சூட்டில் சுட்ட தொட்டிகளின் கிளேஸ் புளிப்பு பட்டால் மங்கக்கூடும். அதனால் முதலில் அடிப்பக்கத்தில் ஒரு மூலையில் தொட்டுப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.