விதைக்கும் மூச்சு வேண்டும்

விதை முளைக்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றத்தான் கை போகும். பெரும்பாலும் அதுதான் தப்பு. ஊறிய விதை வேகமாகச் சுவாசிக்கும். உள்ளே சேர்த்து வைத்த மாவுச்சத்தைச் சக்தியாக்க அதற்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றைவிட நீரில் ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். அதனால் பயறு வகைகளை 8 மணி நேரம் ஊறவைத்தால் போதும். அப்புறம் நீரை வடித்து ஈரத்துணியில் கட்டுங்கள். கிண்ணத்திலேயே விட்டால் நுரைத்துப் புளித்த வாடை வரும்.

நெல் இதில் கில்லாடி, நீருக்கடியிலும் முளைவிடும். ஆனால் அங்கேயும் குருத்துதான் நீளும், வேர் பின்தங்கிவிடும்.

சரி, தொட்டிச் செடிக்கு? மண்ணில் விரலை ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் இன்று தண்ணீர் வேண்டாம்.