நாவாட்டில் ஊர்ப்பெயர்ச் சித்திரங்களைப் படிக்கும் முறை

ஸ்பானியர் மெக்சிக்கோவைக் கைப்பற்றி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 1541ஐ ஒட்டி உருவான மெண்டோசா சுவடி இன்று ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அஸ்டெக் மக்கள் பேசிய நாவாட்டில் என்னும் மொழியின் ஊர்ப்பெயர்கள் அதில் படங்களாக எழுதப்பட்டுள்ளன. அந்த ஊர்ப்பெயர்ச் சித்திரங்களைப் படிக்கப் புகுவோர், படத்தின் அருகே லத்தீன் எழுத்தில் உள்ள பெயர்க்குறிப்பை முதலில் ஒரு தாளால் மறைத்துக்கொள்ள வேண்டும். அதைப் பார்த்துவிட்டால் படத்தில் இல்லாததும் இருப்பதுபோல் தோன்றும்.

பிறகு அடிப்படை உருவத்தைத் தேடுங்கள். பச்சை மணி போன்ற வடிவில், அடியில் சிவப்பும் மஞ்சளுமான பட்டைகளோடு இருப்பது மலை, அதாவது தெபெத்ல். நீலமாக ஓடி, நுனிகளில் துளிகளும் சிப்பிகளும் தெறிப்பது நீர், அதாவது ஆத்ல். சொற்கள் புணரும்போது முதற்சொல்லின் ஈற்றிலுள்ள த்ல், த்லி, இன் ஆகியவை கெட்டுவிடும் என்பதால் வேரை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். மலைமேல் வெட்டுக்கிளி, அதாவது சாபுலின், இருந்தால் அது சாபுல்தெபெக். ஈற்றிலுள்ள ‘க்’ இடத்தைக் குறிக்கும் விகுதி, அதற்குத் தனிப் படம் இல்லை.

அடுத்த படி கடினமானது, ஆனால் இந்த எழுத்துமுறையின் அழகெல்லாம் அதில்தான் இருக்கிறது: படத்தைப் பொருளாகப் பார்க்காமல் ஒலியாகக் கேட்க வேண்டும். மரத்தில் பற்கள் வரையப்பட்டிருந்தால், பல்லைக் குறிக்கும் த்லந்த்லி என்ற சொல் ‘த்லான்’ என்ற இடவிகுதியின் ஒலியைத் தருகிறது. பெயர் குவாவ்தித்லான், மரங்களுக்கிடையே உள்ள ஊர். கொடி ‘பான்’ என ஒலிக்கும். கோரை தொல்லான் என்ற ஊர்ப்பெயரைத் தரும். அதோடு மனித உடலின் இடுப்புக்குக் கீழுள்ள பாதி, அதாவது த்சின்த்லி, சேர்ந்திருந்தால் அது ‘சிறிய’ என்ற பொருளுள்ள ‘த்சின்’ என ஒலிக்கும். பெயர் தொல்லான்த்சின்கோ, சிறிய தொல்லான்.

எனக்கு மிகவும் பிடித்தது மாபாச்தெபெக், ரக்கூன் மலை. ஓவியர் அங்கே ரக்கூனை வரையவே இல்லை. மலைமேல் மரப்பாசியைப் பற்றியிருக்கும் ஒரு கையை வரைந்திருக்கிறார். கை மாயித்ல், பாசி பாச்த்லி; ஈறுகள் கெட்டுச் சேர்ந்தால் மாபாச், அதுவே ரக்கூனின் பெயர்.

எல்லா ஒலிக்கும் படம் இருக்கும் என எதிர்பார்க்க வேண்டாம். அஸ்டெக் தலைநகரான தெனோச்தித்லானுக்குக் கல்லும் அதன்மேல் சப்பாத்திக்கள்ளியும் மட்டுமே உண்டு. ‘தித்லான்’ என்பதைப் படிப்பவரே சேர்த்துச் சொல்ல வேண்டும். மாறாக, அஸ்டெக் அரசர்களின் வெற்றிகளைச் சொல்லும் பக்கங்களில் கூரை சாய்ந்து எரியும் கோயில் அந்த ஊர் வீழ்ந்ததைக் குறிக்கிறது. அதைப் பெயரோடு சேர்த்துப் படிக்கக் கூடாது.

இவ்வளவும் முடிந்தபின் தாளை நீக்குங்கள். உங்கள் வாசிப்பும் குறிப்பும் வேறுபட்டால் உடனே குறிப்புக்கு இணங்கிவிடாமல், அலோன்சோ தெ மோலினா 1571இல் வெளியிட்ட நாவாட்டில் மொழி அகராதியில் ஒவ்வொரு வேரையும் தேடிப் பாருங்கள். படத்தை வரைந்தவர் ஒருவர், குறிப்பை எழுதியவர் வேறொருவர்.