தீர்ப்பு வந்தது, கடன் போகவில்லை

நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கிய வீட்டுக் கடனின் தவணையை என் முன்னாள் கணவரே கட்ட வேண்டும் என்று விவாகரத்துத் தீர்ப்பில் தெளிவாக இருந்தது. ஆனாலும் என் வாகனக் கடன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அவர் தவறவிட்ட இரண்டு தவணைகள் என் பெயரிலும் ஏறியிருந்தன. பக்கத்தில் ‘கூட்டுக் கடன்’ என்ற சொல்.

தீர்ப்பு நகலை வங்கியில் இருமுறை கொடுத்தேன். பயனில்லை, அது எங்கள் இருவரைத்தான் கட்டுப்படுத்தும், வங்கியை அல்ல. வீட்டில் என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிந்தும், வீட்டிலிருந்துதான் பெயர் நீங்கியது, கடனிலிருந்து அல்ல.

கடைசியில் அவர் தன் வருமானத்தை மட்டும் காட்டி வேறு வங்கியில் கடன் வாங்கி, பழையதை முடித்தார். அப்போதும் ஒரு சிக்கல்: கடன் முடிப்புச் சான்றில் முதல் கடனாளியான அவர் பெயர் மட்டுமே அச்சாகியிருந்தது. இருவர் பெயரும் போட்டு மறுபடி வாங்கி, அதை இணைத்துத் திருத்தம் கோரிய பிறகே என் அறிக்கையில் ‘முடிக்கப்பட்டது’ என்று வந்தது. அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.