மறைந்த தொகுதியின் வரலாற்றை எழுதுவது எப்படி: திருகோணமலையை முன்வைத்து

ஒரு தேர்தல் தொகுதியின் வரலாற்றை எழுதப் புறப்படுபவர்கள் முதலில் உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலைத் தேடுவது வழக்கம். இலங்கையின் கிழக்கிலுள்ள திருகோணமலை விடயத்தில் அப்படித் தொடங்கினால் இரண்டாம் பக்கத்திலேயே சறுக்க நேரும். இங்கே ‘தொகுதி’ என்ற ஒரே சொல் மூன்று வெவ்வேறு நிலப்பரப்புகளைக் குறித்திருக்கிறது. அவற்றைப் பிரித்தறியாமல் திரட்டிய தகவல் எவ்வளவு அதிகமாக இருந்தாலும் பயன்படாது.

ஆகவே முதல் வேலை, எந்தத் தொகுதியைப் பற்றி எழுதுகிறோம் என்பதை ஆண்டுகளால் வரையறுப்பதாகும். பிரித்தானியர் ஆட்சியின் சட்டமன்றமான அரசாங்க சபையின் காலத்தில், அதாவது 1931 முதல் 1947 வரை, திருகோணமலைக்குத் தனி ஆசனம் இருக்கவில்லை. ‘திருகோணமலை–மட்டக்களப்பு’ என்ற பெரும்பரப்பின் ஓர் அங்கமாகவே அது இருந்தது. 1947இல் ஓர் உறுப்பினரைத் தெரிவுசெய்யும் தனித் தொகுதி உருவானது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்ததால், 1989 பெப்ரவரிப் பொதுத் தேர்தலிலிருந்து முழு மாவட்டமும் ஒரே தேர்தல் மாவட்டமாயிற்று. பழைய தொகுதியின் பெயர் வாக்கெண்ணும் பிரிவொன்றின் பெயராக இன்றும் நீடிக்கிறது. தேர்தல் இரவில் வானொலியில் ‘திருகோணமலைத் தொகுதி முடிவு’ என்று கேட்பது இந்தப் பிரிவின் முடிவையே. அது தனக்கென ஓர் உறுப்பினரை அனுப்புவதில்லை.

இந்தக் குழப்பத்தில் நானும் ஒருமுறை விழுந்திருக்கிறேன். 1943 இடைத்தேர்தலில் வென்ற வே. நல்லையாவை, ‘திருகோணமலை’ என்ற பெயரைக் கண்டவுடன் நமது தொகுதியின் பட்டியலில் சேர்த்துவிட்டேன். 1944இல் சிங்களத்தை ஆட்சிமொழியாக்க ஜே. ஆர். ஜயவர்தன கொண்டுவந்த பிரேரணையில் தமிழையும் சேர்க்கவேண்டுமென்று திருத்தம் முன்மொழிந்தவர் அவர் என்பதால், அந்தப் பெயரை விட மனமும் வரவில்லை. ஆனால் அவர் பிரதிநிதித்துவம் செய்தது மட்டக்களப்போடு இணைந்த பழைய பெரும்பரப்பை. 1947இல் அவர் நாடாளுமன்றம் சென்றதும் கல்குடாவிலிருந்துதான். இத்தகையவர்களை முன்வரலாறு என்ற பகுதியில் வைப்பதே முறை.

இரண்டாவதாக எல்லைகளைப் பாருங்கள். பெயர்களைவிட இதில்தான் கதை அதிகம். 1947 தேர்தலுக்கு அடிப்படையான சோல்பரி அரசியலமைப்பின்படி 75,000 மக்களுக்கு ஓர் ஆசனம் என்ற கணக்கோடு, 1,000 சதுர மைல் நிலப்பரப்புக்கும் ஓர் ஆசனம் சேர்க்கப்பட்டது. இக்கணக்கு மாகாண அடிப்படையில் போடப்பட்டது. நாடு முழுவதும் தெரிவுசெய்யப்பட்ட 95 ஆசனங்களில் 25 இவ்வாறு நிலத்துக்காக வந்தவை. அவற்றுள் 4 கிழக்கு மாகாணத்துக்குரியவை. கிழக்குக்குக் கிடைத்த மொத்தம் 7 என்பதை இதனோடு சேர்த்துப் பார்த்தால், பாதிக்கும் மேற்பட்ட ஆசனங்களைத் தந்தது மக்கள்தொகையல்ல, காடும் களப்பும் வயலும் சேர்ந்த பரப்பே என்பது தெரியும். அந்த ஏழில் திருகோணமலை, மூதூர் ஆகிய இரண்டும் நமது மாவட்டத்துக்குரியவை. நகரத்தின் பெயரைச் சூடியிருந்தாலும், திருகோணமலைத் தொகுதி நகர சபை எல்லையோடு நின்றதில்லை. நிலாவெளி, குச்சவெளி என்று வடகரையோரக் கிராமங்களும் அதற்குள் அடங்கின. ‘நகரத் தொகுதி’ என்று எழுதும் கை இங்கே சற்றுத் தயங்க வேண்டும்.

எல்லை நிர்ணய ஆணைக்குழு 1959இலும் 1976இலும் மீண்டும் கோடு வரைந்தது. முதலாவதன்பின் மூதூர் இரட்டை அங்கத்தவர் தொகுதியாயிற்று. இரண்டாவதன்பின் மூதூர் ஓர் அங்கத்தவர் தொகுதியாகி, சேருவில என்ற புதிய தொகுதி தோன்றியது. ‘இது அயல் தொகுதியின் கதைதானே’ என்று தள்ளிவிடாதீர்கள். கந்தளாய், அல்லை குடியேற்றத் திட்டங்களால் மாவட்டத்தின் மக்கள்தொகை மாறிய விதத்தைத் தொடாமல், 1977இல் மாவட்டத்தின் மூன்று ஆசனங்களும் மூன்று சமூகத்தவரிடம், அதாவது திருகோணமலையில் இரா. சம்பந்தனிடமும் மூதூரில் எம். ஈ. எச். மஹ்ரூபிடமும் சேருவிலவில் எச். டி. எல். லீலாரத்னவிடமும், சென்றதை விளக்க இயலாது. 1946, 1953, 1963, 1971, 1981 ஆகிய குடிசன மதிப்பீடுகளை அருகருகே வைத்து வாசியுங்கள். ஆனால் அவை நிர்வாக மாவட்டத்துக்கான எண்கள். தொகுதிக்கான எண்களாக அவற்றை எழுதிவிடக் கூடாது. தொகுதிக்குரிய எண் வேண்டுமானால் அந்தந்தத் தேர்தலின் பதிவுபெற்ற வாக்காளர் தொகையை எடுக்கவேண்டும்.

வேலைமுறையாகச் சொன்னால், எல்லைகளைக் கூறும் வர்த்தமானியை (அரசிதழை) எடுத்து, அதிலுள்ள ஆறு, வீதி, கிராமப் பெயர்களை நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குல வரைபடத்தின்மேல் பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். வர்த்தமானிகளும் பழைய பத்திரிகைக் கட்டுகளும் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் கிடைக்கும். நூலகம் இணையத்தளத்தில் தமிழ் இதழ்கள் பல மின்வடிவில் உள்ளன.

உறுப்பினர் பட்டியல் நீளமானதன்று. 1947இல் தமிழ்க் காங்கிரசின் எஸ். சிவபாலன், 1952 முதல் 1960இன் இரு தேர்தல்கள் வரை தமிழரசுக் கட்சியின் என். ஆர். இராசவரோதயம், அவர் 1963இல் மறைந்தபின் இடைத்தேர்தலிலும் 1965இலும் எஸ். எம். மாணிக்கராஜா, 1970இல் பா. நேமிநாதன்; 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் சம்பந்தன். எட்டுப் பொதுத் தேர்தல்கள், ஓர் இடைத்தேர்தல். 1960இல் மார்ச், யூலை என இருமுறை வாக்களிப்பு நடந்ததை மறந்து ஏழென்று எண்ணுவோர் உண்டு.

இவற்றுள் நேரம் செலவிடவேண்டிய தேர்தல் 1952 என்பது என் கருத்து. கட்சித் தலைவர் சா. ஜே. வே. செல்வநாயகமே காங்கேசன்துறையில் தோற்ற அந்தத் தேர்தலில், தமிழரசுக் கட்சி நாடெங்கும் வென்ற தொகுதிகள் இரண்டே: கோப்பாயும் திருகோணமலையும். யாழ்ப்பாணத்துக்கு வெளியே அக்கட்சிக்குக் கிடைத்த முதல் ஆசனம் இதுவாகும். இதை விளங்கிக்கொண்டால், 1956 ஓகஸ்ட் மாநாட்டுக்கு அக்கட்சி ஏன் திருகோணமலையைத் தேர்ந்தது என்பதும், பல ஊர்களிலிருந்து மக்கள் அதற்குக் கால்நடையாக வந்த யாத்திரையும், 1972 மேயில் தமிழர் கூட்டணி இங்கே உருவானதும் ஒரே கோட்டில் தெரியும். அடுத்து 1957ஐப் பாருங்கள். பிரித்தானியரின் கடற்படைத் தளமும் சீனக்குடா விமானத்தளமும் அவ்வாண்டில் இலங்கை வசமாயின. தளத்து வேலையை நம்பியிருந்த தெருக்களின் வாக்காளர் இடாப்புகளை அதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டால், கட்சி வரலாறு சொல்லாத ஒரு நகர வரலாறு வெளிப்படும்.

முதியவர்களிடம் கேட்கச் செல்லும்போது ஆண்டைச் சொல்லிக் கேட்காதீர்கள். ‘அறுபத்தஞ்சாம் ஆண்டுத் தேர்தல்’ என்றால் நினைவு வராதவர்களுக்கும், வீட்டுக்குப் போட்டதா, சூரியனுக்குப் போட்டதா என்று கேட்டால் வாய் திறக்கும். வீடு தமிழரசுக் கட்சியின் சின்னம், உதயசூரியன் தமிழர் விடுதலைக் கூட்டணியினுடையது. சூரியன் என்று விடை வந்தால் பேச்சு 1977ஐப் பற்றியது என்று பெரும்பாலும் கொள்ளலாம். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தவர்கள் துறையடியில் ‘பாதை’ என்னும் கடவைப் படகுக்கோ லாஞ்சுக்கோ காத்திருந்த கதையோடுதான் தேர்தலைச் சொல்வார்கள். கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது 2009இல்தான். அக்கதைகள் சுவையானவை என்றாலும் அவை மூதூர்த் தொகுதிக்குரியவை என்று பக்க ஓரத்தில் குறித்துவிடுங்கள்.

முடிவு ஆண்டை எழுதுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பு, 1977இல் தெரிவான நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டியது. ஆனால் தனிநாட்டுக் கோரிக்கையை மறுக்கும் சத்தியத்தை உறுப்பினர்களிடம் கோரிய அரசியலமைப்பின் ஆறாம் திருத்தத்தையொட்டிய நாடாளுமன்றப் புறக்கணிப்பால் சம்பந்தன் 1983இல் ஆசனத்தை இழந்தார். எனவே அட்டவணையின் கடைசி வரிசையில் உறுப்பினருக்கு எதிரே 1983 என்றும், தொகுதிக்கு எதிரே 1989 என்றும் தனித்தனியாக எழுதவேண்டும்.